ஒரகடத்தில் உருண்ட எலுமிச்சம்பழம்

உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். போன மே மாதம் வரையில் எனக்கும் தெரியாது. சுவரில் பிளக்கைச் சொருகுகிறோம், அது பாட்டுக்கு ஒரு மூலையில் நின்று முனகிக்கொண்டிருக்கிறது, மின்சாரக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, "ஜாஸ்தியாகப் போய்விட்டதே!" என்று ஒரு முறை அலுத்துக்கொள்கிறோம். அதோடு சரி.

அதே பெட்டியைச் சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு, சுவரையும் பிளக்கையும் வீட்டோடு விட்டுவிட்டுக் கிளம்பினால் விஷயம் வேறு. அப்போது அதற்குத் தீனி போட வேண்டியவர் நீங்கள்தான். எத்தனை கிராம் கியாஸ், எத்தனை ஆம்பியர் மின்சாரம் என்று முன்கூட்டியே எண்ணிக் கட்டிக்கொள்ளாவிட்டால், நடு இரவில் அது வாயை மூடிக்கொண்டுவிடும். இந்த உண்மையை ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலுள்ள ஒரகடத்தில், ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டேன். என் கூடப் படித்தவர்கள் என் மனைவி, என் அத்தை, ஒரு லாரி டிரைவர், ஓர் எலுமிச்சம்பழம்.

எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் ஆசிரியர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்வதுதானா? இப்போது குடும்பத்தோடு வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களாமே! நீரும் போய் வந்து எழுதுமே!" என்றார். பத்து நாள் கேரளத்துக்குப் போய் வருவதென்று தீர்மானமாயிற்று. அதற்கு முன் ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. எங்கே போவது?

"ஸ்ரீபெரும்புதூருக்குப் போகலாமே! உடையவர் அவதரித்த இடத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!" என்றார் அத்தை. அறுபத்தெட்டு வயது. காலையும் மாலையும் இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர். பத்து நாள் பயணத்துக்கும் அவர்தான் முதலில் பெட்டி கட்டியவர்.

வெள்ளோட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏனென்றால், வண்டிகள் பிறக்கும் ஊர் அது.

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரியை இடப் பக்கம் விட்டுப் போனால், இருங்காட்டுக்கோட்டை வருகிறது. 1998-ல் ஹூண்டாய் கார்கள் இங்கேயிருந்துதான் முதன்முதலாக வெளியே ஓடி வந்தன. மேலே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே தெற்கே திரும்பி, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போனால் ஒரகடம். 2010-ல் ரெனோ–நிஸான் கார் ஆலை, 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகள் செய்யும் டைம்லர் ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை என்று வரிசையாக வந்து இறங்கின. டயருக்கு ஓர் ஆலை, கண்ணாடிக்கு ஓர் ஆலை. வண்டிகளைச் சோதனை செய்து பார்ப்பதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேரே மேற்கே போனால் சுங்குவார்சத்திரம். அந்தப் பக்கத்தில் குளிர்ப்பெட்டியே செய்கிறார்கள்! சாம்ஸங் ஆலை 2007-லிருந்து அங்கே நடக்கிறது.

சாலையின் இரு புறமும் ஏரிகளும் வயல்களும் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஏரிக்கரையில் மாடு மேய்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் அரை மைல் நீளத்துக்கு ஆலைச் சுவர் போகிறது. ஷிப்டு முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகின்றன. ஜன்னலோரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளையும் பெண்களையும் பார்த்தால், நாட்டுக்கே வண்டி செய்து கொடுக்கிறவர்களுக்கு வீடு போய்ச் சேரத்தான் எவ்வளவு களைப்பு என்று தோன்றும்.

கேரவனுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது, அங்கே முதலில் காட்சிக்கு வந்து நின்ற வண்டி ஒரகடத்து பாரத்பென்ஸ்தான். அந்தக் கம்பெனி செய்யும் பஸ் சேஸிஸ் ஒன்றின் பெயர் 1017. இதை நான் வழியில் சொன்னதும் அத்தை கையைக் கூப்பிவிட்டார்.

"ராமாநுஜர் அவதரித்த வருஷமடா அது!"

"அத்தை, அது எடையையும் குதிரைச் சக்தியையும் வைத்துக் கொடுத்த எண்..."

"எதை வைத்தால் என்ன? ஊர் ராசி! நீ பேசாமல் வண்டியை ஓட்டு."

நாங்கள் எடுத்திருந்தது அவ்வளவு பெரிய வண்டியல்ல, வேன் அளவுதான். கிளம்புமுன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஐந்தாவதாக ஒன்றை அத்தை வண்டிக்குள் வைத்துக்கொண்டார். "ஸ்டெப்னிக்கு" என்றார்.

உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஐந்து கிலோ கியாஸ் சிலிண்டர், தொண்ணூறு லிட்டர் குளிர்ப்பெட்டி. அது சாதாரணப் பெட்டியல்ல. மூன்று வழியில் வேலை செய்யும். ஊரில் நிற்கும்போது சுவர் மின்சாரம். ஓடும்போது வண்டியின் பாட்டரி. காட்டில் நிற்கும்போது கியாஸ். ஒரே திருகு, மூன்று நிலை. அதற்குள் பால், தயிர், கறிகாய், அத்தையின் ஒரு மாத இன்ஸுலின் எல்லாம் குடியேறின. கூடவே ஒரு சிறு வெப்பமானியையும் வைத்தோம். இன்ஸுலின் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை.

வாடகைக்குக் கொடுத்தவர் ஓர் அட்டையையும் கொடுத்து, "இதைப் படித்துவிடுங்கள் சார்" என்றார். படித்தேனா? பத்திரிகைக்காரன் எழுதத்தானே பிறந்தவன்! அட்டை அப்படியே அலமாரிக்குள் போயிற்று. ஆகையால் பின்னால் நடந்ததெல்லாம் என் குற்றமே தவிர, அவர் குற்றமில்லை.

ஆதிகேசவப் பெருமாளையும் உடையவரையும் சாவகாசமாகச் சேவித்தோம். 1991-ல் ராஜீவ் காந்தி உயிர் நீத்த இடத்திலுள்ள நினைவிடத்தில் சற்று நேரம் நின்றோம். ஆறரை மணிக்கு ஒரகடத்தில், சாப்பாட்டுக் கடை ஒன்றின் பக்கத்து மைதானத்தில் அநுமதி கேட்டு வண்டியை நிறுத்தினேன். சுற்றிலும் லாரிகள். ஆலைகளுக்குச் சரக்குக் கொண்டுவந்தவை, சரக்கு ஏற்றக் காத்திருப்பவை. டிரைவர்கள் வண்டி ஓரத்தில் அடுப்பு மூட்டி ரசம் கொதிக்க வைத்தார்கள். நாங்களும் விளக்கைப் போட்டு, இரண்டு மின்விசிறிகளையும் சுழல விட்டு, ராஜபோகமாக உட்கார்ந்தோம். என்ஜினை நிறுத்திவிட்டேன். குளிர்ப்பெட்டியின் திருகு மட்டும் பாட்டரியிலேயே இருந்தது. "பாட்டரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு விசிறி மெதுவாகிற்று. விளக்கு மங்கிற்று. பிறகு எல்லாமே நின்றுவிட்டது.

பதறிப்போய்த் திருகை கியாஸுக்குத் திருப்பிப் பொருத்தினேன். நீல ஜுவாலை அழகாக எரிந்தது. "அப்பாடா!" என்று படுத்தேன். இரண்டு மணிக்கு அத்தை எழுப்பினார். "ஏண்டா அப்பா, பெட்டி குளிரவேயில்லையே!" என்றார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வெப்பமானி 15 டிகிரி காட்டிற்று. ஜுவாலை என்னவோ எரிந்துகொண்டுதான் இருக்கிறது!

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. இன்ஸுலின் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெரிய வண்டியும் வேண்டாம், பெருமையும் வேண்டாம் என்று எனக்கு அப்போது தோன்றிற்று.

வெளியே யாரோ வண்டியைத் தட்டினார்கள். பக்கத்து லாரியின் டிரைவர், நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"ஏனுங்க சார், வெளிச்சம் அங்கயும் இங்கயுமா அடிக்குதே... ஏதாச்சும் தொந்தரவுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் அத்தையைப் பார்த்தார்.

"இன்ஸுலினுங்களா? பயப்படாதீங்க அம்மா. எனக்கும் சக்கரைதானுங்க. பத்து வருசமா ஊசி. எங்கிட்டப் பிரிட்ஜு எல்லாம் இல்லீங்க, இப்படி வாங்க."

லாரியின் நிழலில், காற்றுப் படும் இடத்தில், ஒரு மண்தொட்டி நிறைய ஈர மணல். நடுவில் ஒரு சிறு பானை. மேலே ஈரச் சாக்கு. பானைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அவருடைய மருந்து. ஈரம் காயும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. நம் பாட்டி காலத்துத் தண்ணீர்ப் பானையின் வித்தைதான். எங்கள் பெட்டியையும் அதனுள் வைத்தார். அது 8 டிகிரிக்கு வராது. புழுக்கமான ராத்திரியில் அதன் சாமர்த்தியம் இன்னும் குறைவு. ஆனால், புதுப் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. உபயோகத்தில் இருக்கும் மருந்து மட்டும் கெடாமலிருக்க அவருக்கு அது போதும்.

இதற்குள் என் மனைவி அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "இதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே! 'வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்' என்று. நாம் நிற்பது சமதளமா?"

"பின்னே, மலையா?" என்றேன் கோபமாக.

அந்தச் சமயம் பார்த்து அத்தையின் ஸ்டெப்னி எலுமிச்சம்பழம் மேஜையிலிருந்து விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்கவில்லை. தடதடவென்று உருண்டு, படுக்கையைத் தாண்டி, பின் மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நான் எடுத்து மறுபடி நடுவில் வைத்தேன். மறுபடியும் அதே மூலை!

"வண்டி பின்னால சாஞ்சு நிக்குதுங்க" என்றார் டிரைவர். தம் லாரியிலிருந்து இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து பின் சக்கரங்களுக்கு முன்னால் போட்டார். நான் என்ஜினைக் கிளப்பி அவற்றின் மேல் ஏற்றினேன். எலுமிச்சம்பழத்தை நடுவில் வைத்தோம். அசையவில்லை. அரசாங்கத்து ரசமட்டம் கூட அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

விடியற்காலை ஆறரை மணிக்கு வெப்பமானி 9 டிகிரி. எட்டு மணிக்கு 7.

ஜுவாலை எரிந்தும் பெட்டி குளிராததற்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். நெருப்பை மூட்டிக் குளிரை உண்டாக்குவதே முதலில் ஒரு ஜாலம்தானே! அந்த ஜாலத்தைச் செய்தவர்கள் ஸ்வீடன் தேசத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள்: பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் மூன்டர்ஸ். வருஷம் 1922. சில வருஷம் கழித்து ஐன்ஸ்டைனும் அவருடைய நண்பர் ஸிலார்டும் இதே மாதிரி வேறொரு பெட்டிக்கு 1930-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள் என்றால் விஷயம் லேசானதல்ல என்று தெரிகிறதல்லவா?

பெட்டியின் முதுகில் மூடிய குழாய்களுக்குள் தண்ணீரும் அதில் கரைந்த அம்மோனியாவும் இருக்கின்றன. அடியில் ஜுவாலை சுட்டதும் அம்மோனியா ஆவியாகி மேலே கிளம்புகிறது. மேல் குழாயில் ஆறி, சாதம் கொதிக்கும் பானையின் மூடியில் நீர் சொட்டுவதுபோலத் திரவமாகிச் சொட்டுகிறது. பிறகு உள்ளே இறங்கி, ஹைட்ரஜன் வாயுவோடு கலந்து மறுபடியும் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் தயிரிலிருந்தும் பாலிலிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்கே வருகிறது. இதில் மோட்டார் இல்லை, பம்பு இல்லை, சத்தம் இல்லை. எல்லாம் தன் கனத்தால் தானே வழிந்து இறங்க வேண்டும். பெட்டி சாய்ந்தால் வழி தவறி அங்கங்கே தேங்கிவிடும். ஜுவாலை வீணாக எரிந்துகொண்டிருக்கும். ஓடும் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஆடுவதால் பெரிய பாதகமில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதுதான் கூடாது.

காலையில் டிரைவர் கிளம்பத் தயாரானார். "என்ன லோடு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பிரிட்ஜுதானுங்க சார். வண்டி நிறையப் பிரிட்ஜு! இந்தப் பக்கத்துச் சரக்குத்தான், வடக்கே போகுது. சீல் வச்ச கதவு. முன்னாடி ஒரு பானையில என் மருந்து, பின்னாடி அத்தனை பிரிட்ஜு."

நான் கொடுக்க முயன்ற பணத்தை அவர் வாங்கவில்லை. அத்தை கொடுத்த தயிர்ச் சாதத்தை வாங்கிக்கொண்டார். லாரி ஒரகடம் மேம்பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது.

அத்தையின் டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டோம். சில மணி நேரம் 15 டிகிரியில் இருந்ததால் மருந்து கெட்டுவிடாது என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தை காபி குடித்தார். "உறைந்து போவதுதான் அதைவிட ஆபத்து. ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்" என்றும் எச்சரித்தார்.

வீடு திரும்பியதும் என் மனைவி பென்சிலை எடுத்துக்கொண்டாள். "முதலில் கணக்கு, பிறகு கேரளம்" என்றாள். அந்தக் கணக்கை உங்களுக்கும் தருகிறேன். ஏழாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில், நான் பாட்டரியைக் கொன்ற விதம். எங்கள் பெட்டியின் மின்சாரச் சூடேற்றி 120 வாட். பாட்டரி 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். அதாவது மணிக்கு மணி பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர்-மணி போகிறது. ஒரு நாளைக்கு 240. எங்களிடம் இருந்ததோ 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி. அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே கையிருப்பு 50. ஐந்து மணி நேரம்! கோயில் வாசலில் நின்ற நேரத்தையும், விளக்கையும், விசிறிகளையும் சேர்த்துப் பாருங்கள். பதினொரு மணிக்கு அது மூர்ச்சை போட்டதில் ஆச்சரியம் என்ன? மூன்று வழிப் பெட்டிக்குப் பாட்டரி வழி, என்ஜின் ஓடும்போது மட்டும்தான். வண்டி நின்றதும் கையை முதலில் அந்தத் திருகுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சுவர் மின்சாரத்தில் செருகினால் கவலையில்லை. 120 வாட் இருபத்துநாலு மணி நேரமும் ஓய்வில்லாமல் எரிந்தாலும் சுமார் 3 யூனிட்தான்.

அடுத்தது கியாஸ். இதற்கு அட்டையை நம்பக் கூடாது. அட்டையில் போட்டிருக்கும் எண், இதமான அறையில் சோதித்த எண். நம் ஊர் சித்திரை வெயிலில் வண்டியின் முதுகு கொதிக்கும். பெட்டிக்குள் ஓர் ஓரத்தில் சிறு எழுத்து ஒன்று இருக்கும், பாருங்கள். 'என்' என்றால் வெளியே 32 டிகிரி வரைக்கும் அது பொறுப்பு. 'எஸ்.டி.' என்றால் 38. 'டி' என்றால் 43. எங்களுடையது 'எஸ்.டி.'. நம் பக்கத்துக்கு 'டி'தான் மேல்.

ஆகவே என் மனைவி செய்த காரியம் இது. வண்டியைத் தெருவில் எலுமிச்சம்பழம் உருளாதபடி நிறுத்தி, பெட்டியைக் கியாஸில் ஓட விட்டோம். ஒரு நாள் போகட்டும் என்று விட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகு சிலிண்டரைக் கழற்றித் தராசில் வைத்தாள். மறுபடி மாட்டி, சரியாக 24 மணி நேரம் கழித்து மறுபடி நிறுத்தாள். 360 கிராம் குறைந்திருந்தது. அடுத்த வீட்டு மாமி, "கியாஸை நிறுத்தா விற்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து கிலோவை 360 கிராமால் வகுத்தால் கிட்டத்தட்ட 14 நாள். "ஆஹா, பத்து நாளுக்கு ஒரு சிலிண்டர் தாராளம்!" என்றேன் நான்.

"இருங்கள். கடைசிக் கால் பாகத்தை நம்பக் கூடாது. கதவைத் திறந்து திறந்து மூடுவீர்கள், வெயில் கூடும், சிலிண்டர் மாற்றக் கடை மூடியிருக்கும். முக்கால் பாகந்தான் கணக்கு. 3,750 கிராம். பத்து நாள். சரியாகப் பத்தே நாள்."

"போதுமே!"

"அடுப்பு?"

அடுப்பை நான் மறந்தே போய்விட்டேன். ஒரு கிலோ கியாஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. இரண்டு கிலோவாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் சுமார் 150 கிராம். காபி, சாதம், ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 360-ம் 150-ம் 510 கிராம். 3,750-ஐ 510-ஆல் வகுத்தால் ஏழு நாள் சொச்சம். எட்டாவது நாள் கேரளத்து மலை மேல் நாங்கள் திண்டாட வேண்டியதுதான்! ஆகவே இரண்டு சிலிண்டர்.

இன்னொரு யோசனையும் உண்டு. வீட்டிலிருப்பது போன்ற கம்ப்ரஸர் பெட்டி, 12 வோல்ட்டில் ஓடுவதாகவே கிடைக்கிறது. நெருப்பால் சுட்டு அம்மோனியாவை ஓட்டுவதற்குப் பதிலாக மோட்டாரால் வாயுவை அழுத்தி ஓட்டுவதால் மின்சாரச் செலவு வெகு குறைவு. ஓடும்போது 50 வாட்; நம் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 600 வாட்-மணி. 12-ஆல் வகுத்தால் 50 ஆம்பியர்-மணி. எங்கள் பாட்டரியின் கையிருப்பு அப்படியே ஒரு நாளைக்குச் சரியாகப் போய்விடும். மறுநாளுக்கு என்ஜின் ஓட வேண்டும், அல்லது கூரையில் சூரிய ஒளித் தகடு வேண்டும். 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 400 வாட்-மணி தரும். ஆகவே 200 வாட் தகடு இருந்தால் இந்தப் பெட்டியைச் சூரிய பகவானே பார்த்துக்கொள்வார். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் பாதகமில்லை. தினம் இடம் மாறுகிறவர்களுக்கும் வெயில் தேசத்துக்காரர்களுக்கும் இதுவே நல்லது. ஓரிடத்தில் பல நாள் நிழலில் தங்குகிறவர்களுக்கு கியாஸ் பெட்டி சௌகரியம்.

கியாஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் அறைக்கு அடியில் வெளியே போகும் துவாரம் இருக்கிறதா, அது அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது ஜுவாலையை அணைத்து, சிலிண்டரை மூடிவிடுங்கள். பெட்ரோல் பங்குக்குள் நுழையுமுன் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலுக்கு வாங்கிய 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொள்வது சட்டவிரோதம், ஆபத்தும் கூட. குளிர்ப்பெட்டிப் பக்கம் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் உடனே அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

கேரளத்துக்குப் போனோமா என்று கேட்கிறீர்களா? போனோம். மலைப் பக்கம் குளிர் இருந்ததால் பெட்டியின் பசி குறைந்தது. திரும்பி வந்து சிலிண்டர்களை நிறுத்தபோது, பத்து நாளில் மொத்தம் நாலரைக் கிலோ செலவாகியிருந்தது. டீச்சரின் மதிப்பைவிட அறுநூறு கிராம் குறைவு. "தப்பானாலும் நல்ல பக்கத்துத் தப்பு" என்று அவள் தனக்கே மார்க்குப் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வோர் இரவும் வண்டி நின்றதும் முதல் வேலை, தரையில் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் படுக்கை. அத்தை தம் சாமான்களோடு ஒரு சிறு மண்பானையும், ஒரு பை மணலும் எடுத்து வந்திருந்தார். "இத்தனை கணக்குப் போட்ட பிறகு இது எதற்கு அத்தை?" என்று கேட்டேன்.

"உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஆபத்துக்கு உதவியது இதுதானேடா!" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. வண்டி நிறையக் குளிர்ப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஒரு பானையை நம்பி வடக்கே போய்க்கொண்டிருக்கும் அந்த மனிதரின் ஞாபகம் வந்தது. அவரைப்போன்ற டிரைவர்கள் ராத்தங்கும் இடங்களில், மருந்து வைத்துக்கொள்ள ஒரு சிறு குளிர்ப்பெட்டி வைத்தால் நாளைக்கு அரை யூனிட்டோ ஒரு யூனிட்டோதான் செலவாகும். இந்தக் கணக்கையும் யாராவது போட்டுப் பார்க்கக் கூடாதா?